சீர்த்தட்டில் வந்த டூல்

சாமி, முதலில் சாப்பிட்டுவிட்டு வந்து படி. பசியோடு படித்தால் நான் திட்டுகிற மாதிரித் தோன்றும். திட்டுவதற்காக எழுதவில்லை, அதற்கு உடம்பில் தெம்பும் இல்லை. சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலை வண்டிக்காரர் சண்முகம் அண்ணனிடம் கொடுப்பதாக இருக்கும் அந்தப் பள்ளிக்கூட வேனைக் கொடுக்காதே. குழந்தைகள் பிடித்துக்கொண்டு ஏறுவதற்குக் கதவோரத்தில் நீ வைத்திருக்கும் கைப்பிடிக் கம்பி நிற்காது. கதவுத் தூணுக்குள் நீ அடித்த ரிவெட் நட்டுகள் சுற்றுகின்றன. ஞாயிற்றுக்கிழமை என் கையாலேயே தொட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டு அங்கே வாயைத் திறக்காமல் ஊருக்கு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ 'சரிம்மா' என்பாய். உன் 'சரிம்மா' காதில் விழுந்ததும் எனக்குச் சொல்ல வந்ததில் பாதி போய்விடும். மீதிப் பாதியைச் சொல்வதற்குள் யாராவது ஷெட்டுக்கு வந்துவிடுவார்கள், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் உன் அப்பா மதியம் சாப்பிட்டுப் படுத்திருக்கிற நேரத்தில், நம் ஊர் ஷெட்டின் பின்னால் கம்ப்ரஸர் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். அவருக்குத் தெரியாது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். கவிதாவும் படிக்கட்டும், உன் மனைவிக்குத் தெரியக்கூடாதது இதில் ஒன்றும் இல்லை. உன்னைப் போலப் புதிதாக வண்டிக்கு பாடி கட்டுகிற ஷெட் போட்டிருக்கிற வேறு பிள்ளைகள் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான். இந்தத் தப்பு உனக்கு மட்டும் வந்த தப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஒருமுறை நினைத்துப் பார். உன் மாமாவை, என் அண்ணனை, விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாய். சாப்பிட்டு முடித்து எல்லோரும் உன் ஷெட்டுக்கு நடந்தோம். வேன் மஞ்சள் பெயிண்ட் காய்ந்து பளபளவென்று நின்றது. சண்முகம் அண்ணனும் வந்திருந்தார். நீ, "ஏறிப் பாரும்மா" என்றாய். நான் கம்பியைப் பிடித்துப் படியில் கால் வைத்தேன். என் எடை அதில் ஏறியதும் கைக்குள் ஒரு சின்ன அசைவு. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. இந்த வேலையில் கிடந்த கைக்கு அது தெரியும். மேலே ஏறி நின்று, கம்பியின் கீழ்ப் பாதத்தைக் குனிந்து பார்த்தேன். வாஷரைச் சுற்றி புதுப் பெயிண்டில் வட்டமாக ஒரு கீறல். போல்ட் தலையை இரண்டு விரலால் திருப்பினேன். இறுகவும் இல்லை, கழலவும் இல்லை, நின்ற இடத்திலேயே சுற்றியது. போல்ட்டோடு சேர்ந்து உள்ளே நட்டும் சுற்றுகிறது என்று அர்த்தம். மேல் பாதத்திலும் கை வைத்தேன். அங்கேயும் அப்படித்தான்.

அப்போதுதான் உன் மாமா கீழேயிருந்து கேட்டார், "என்ன அம்மிணி, கம்பிய உட மாட்டேங்கற. எறங்க முடியலையா, நாங்க தூக்கி எறக்கோணுமா?"

"இல்லீங்ணா, முட்டி புடிச்சுக்கிச்சு" என்றேன்.

சண்முகம் அண்ணன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "வேல எப்படிங்கக்கா? பையன் கை உங்க கையாட்டமே இருக்குதுங்க" என்றார். உன் மாமா விடவில்லை. "கையில என்னங்க இருக்குது. டூலு நாங் குடுத்ததுங்க. கடை கடையா ஏறி எறங்கி நானே பாத்து வாங்குனது" என்றார். நீயும், "ஆமாங்க, முழு வண்டியும் மாமா குடுத்ததுலயேதான் அடிச்சேன்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே பிடிக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் கவிதாவுக்குப் புரியாது. என் அண்ணன் தன் மகளை உனக்குக் கொடுப்பதாக நினைத்திருந்தார். யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இருந்தாலும் முறை இருக்கும்போது கேட்கவே வேண்டாம் என்று அவர் இருந்துவிட்டார். நீ கவிதாவைத்தான் கட்டுவேன் என்றாய். சரி என்றோம். அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. தாய்மாமன் வராத கல்யாணம் நம் பக்கத்தில் எப்படி இருக்கும் என்று நீ அன்று மணவறையில் உட்கார்ந்திருந்ததால் பார்த்திருக்க மாட்டாய். சீர் கொண்டுவர வேண்டிய இடம் காலியாக இருந்தது. வந்த ஒரம்பரை, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும், "எங்க உங்கண்ணனக் காணமே" என்று என்னைத்தான் கேட்டார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று பந்தி முடிகிற வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். அதன் பிறகு அவர் வீட்டுப் படியை நானும் மிதிக்கவில்லை, நம் வீட்டுக்கு அவரும் வரவில்லை.

அப்படிப்பட்டவர் உன் ஷெட் திறப்பு அன்று பள்ளிபாளையத்தில் வந்து இறங்கினார். வேட்டி சட்டையும் அத்தையும் தேங்காய் பழத்தட்டுமாக. நடுத்தட்டில், வெற்றிலை பாக்கு மேல், சிவப்புக் கைப்பிடி வைத்த அந்த ரிவெட் நட் டூல். கைப்பிடியில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். "கல்யாணத்துக்குச் செய்யாததுக்கு இது மாப்ள" என்று உன் கையில் கொடுத்தார். நீ காலில் விழுந்தாய். நான் ஷெட்டுக்குப் பின்னால் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். சீராக வந்த பொருளில்தான் முதல் வேலை தொடங்க வேண்டும் என்று அவரும் சொன்னார், நாங்களும் ஆமாம் என்றோம். அந்த முதல் வேலைதான் இந்த வேன். சீர்ப் பொருளை அலமாரியில் வைத்துவிட்டு வேறு டூலை எடுக்க உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். என்னாலும் முடிந்திருக்காது. வேறு ஊர்க்காரன் கேட்டால் சிரிப்பான், டூலுக்கும் தாய்மாமனுக்கும் என்ன சம்பந்தம் என்பான். நமக்கு இருக்கிறது.

இப்போது வேலைக்கு வருகிறேன். நீ அங்கே ரிவெட் நட் போட்டது சரியான முடிவு. கதவுத் தூண் மூடிய பாக்ஸ் பைப். பின்னால் கை போகாது, ஸ்பேனர் போகாது, சாதா நட் போட்டால் பிடிப்பதற்கு வழியில்லை. ஓட்டைக்குள் முன்பக்கமாகவே நுழைத்து, முன்பக்கமாகவே இழுத்து, உள்ளே தகட்டுக்குப் பின்னால் நட்டின் உடம்பு புடைத்துக் கவ்விக்கொள்ள வேண்டும். அப்புறம் அதே அளவு போல்ட்டை வெளியிலிருந்தே அதில் முறுக்கலாம். நீ ஸ்டீல் நட் வாங்கியதும் சரி. அலுமினிய நட் லேசாக இழுபடும், ஆனால் குழந்தைகள் தொங்குகிற கம்பிக்கு ஆகாது. எட்டு எம்எம் எடுத்ததும் சரி. தப்பு நட்டில் இல்லை, ஓட்டையிலும் இல்லை. அந்த நட்டை அந்தச் சின்ன டூலில் இழுத்ததுதான் தப்பு.

மாமா கொடுத்தது பிளையர் மாதிரி ஒரு கையால் அமுக்குகிற டூல். நாலு எம்எம், ஐந்து எம்எம் நட்டுக்கும், ஆறில் அலுமினியத்துக்கும் நல்ல டூல்தான். நம்பர் பிளேட், ரிஃப்ளெக்டர், முதலுதவிப் பெட்டி, உள்பக்க அலுமினியத் தகடு எல்லாம் அதில் அடிக்கலாம். அதன் அட்டைப் பெட்டியில் எட்டு எம்எம் என்றும் அச்சடித்து, நட்டை மாட்டி இழுக்கிற அந்த அளவு மரைத் தண்டையும் உள்ளே வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் நீ நம்பினாய். எட்டு எம்எம் ஸ்டீல் நட்டை அதில் வைத்து அமுக்கினால் என்ன ஆகும் தெரியுமா? கைப்பிடி இறுகும். மேலே அமுக்க முடியாது. நட் உட்கார்ந்துவிட்டது என்று கை நினைத்துக்கொள்ளும். உண்மையில் நட் பாதிதான் புடைத்திருக்கும். உன் கையின் பலம் அங்கே முடிந்துபோயிருக்கும். கை ஓய்ந்ததற்கும் நட் உட்கார்ந்ததற்கும் வித்தியாசம் தெரிய எனக்கே வருஷக்கணக்கில் ஆனது. பெயிண்ட் அடித்து போல்ட் முறுக்கியபோது முதல் இறுக்கத்தில் பிடித்திருக்கும். ஏறி இறங்கி, கொஞ்சம் ஆட்டம் கொடுத்ததும் உள்ளே பிடி விட்டுப்போயிற்று.

இதை நாங்களும் ஒரு காலத்தில் அனுபவித்தோம். ஷெட் போட்ட புதிதில் எங்களிடம் டூலே கிடையாது. ஒரு போல்ட்டில் பெரிய நட்டை ஏற்றி, முன்னால் ரிவெட் நட்டை மாட்டி, உன் அப்பா ஒரு ஸ்பேனரில் போல்ட்டை அசையாமல் பிடிக்க, நான் இன்னொரு ஸ்பேனரில் பெரிய நட்டைத் திருப்பி இழுப்பேன். மெதுவான வேலை. ஆனால் நன்றாகவே உட்காரும். இப்போதும் டூல் நுழையாத மூலையில் நான் அப்படித்தான் செய்கிறேன். அப்புறம் சேலம் கடையில் உன் அப்பா ஒரு டூல் வாங்கி வந்தார். வாங்கிய சந்தோஷத்தில் ஒரு கோழித்தீவன லாரிக்குப் பின்பக்க ஏணி முழுவதும் அதில் அடித்தார். டூல் நல்லதுதான். நட்டைத்தான் தப்பாக எடுத்திருந்தார். கனமான தகட்டுக்கு உரிய நீளமான நட்டை மெல்லிய தகட்டில் போட்டிருந்தார். அது உள்ளே எங்கேயோ புடைத்ததே தவிர, தகட்டைக் கவ்வவே இல்லை. ஒரு டிரிப் போய்வந்த டிரைவர் ஷெட் வாசலில் லாரியை நிறுத்தினார். ஏணியை நைலான் கயிற்றில் கட்டி வைத்திருந்தார்.

"ஏனுங்க, உங்க ஏணிக்கு எங்கூட வர இஷ்டமில்லீங்க. பாதி வழியில எறங்கிக்கறங்குது. கட்டி இழுத்துட்டு வந்தனுங்க" என்றார்.

உன் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. நான்தான், "ஒரு டீ குடிங்க, அதுக்குள்ள சமாதானம் பண்ணி அனுப்பறமுங்க" என்றேன். அந்த ஆள் சிரித்தார். தார்ப்பாய் கட்ட அதில் ஏறுகிறவன் கயிற்றைக் கவனித்து ஏறியிருக்கிறான், பிழைத்தான். லாரிக்காரனுக்கு ஏணி ஆடுவது தெரியும். எல்கேஜி பிள்ளைக்குக் கம்பி ஆடுவது தெரியாது. அது பையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, மொத்த உடம்பையும் அதில் தொங்கவிட்டுத்தான் ஏறும். வண்டி நகர ஆரம்பித்த பிறகும் விளையாட்டுக்கு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அதனால் நீ இன்னொரு டூல் வாங்க வேண்டும். எப்படிப் பார்த்து வாங்குவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் அட்டையைப் படித்து வாங்காதே. இரண்டு கையாலும் இழுக்கிற, நீளக் கைப்பிடி வைத்த டூல் கேள். கைப்பிடி நீளமாக இருக்க இருக்க உன் கை கம்மியாக அழ வேண்டியிருக்கும். நீ அதிகமாகப் போடப்போகிற பெரிய நட் எதுவோ அதை நான்கைந்து கையோடு எடுத்துக்கொண்டு போ. உன் தூண் பைப்பில் வெட்டிய துண்டு ஒன்றும் கொண்டுபோ. கடைக்காரர் முகம் சுளித்தாலும் அங்கேயே அடித்துப் பார். இரண்டு கைப்பிடியையும் கை நடுங்காமல் உன்னால் கூட்ட முடிகிறதா என்று பார். முடியவில்லையென்றால் அது உனக்கான டூல் இல்லை, எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும். மரைத் தண்டு தனியாகக் கிடைக்குமா என்று கேள். தேய்கிறதும் முறிகிறதும் அதுதான். பள்ளிபாளையத்திலோ ஈரோட்டிலோ கிடைக்காத தண்டு வைத்த டூலை வாங்கினால், தண்டு முறிகிற அன்று டூலும் முடிந்தது. இழுப்பு எவ்வளவு என்று திருகி வைக்கிற வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு தடவை சரிபார்த்து வைத்துவிட்டால் கடைசி நட் வரை ஒரே மாதிரி உட்காரும், மாலையில் கை சோர்ந்தாலும்.

டூல் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஓட்டையை நட்டின் பெட்டியில் உள்ள அளவுக்கே போடு, கையில் கிடைத்த டிரில் பிட்டில் போடாதே. கொஞ்சம் பெரிதானால்கூட நட் சுற்றும். துளைத்த பிசிறை எடுக்காமல் நட்டை வைத்தால் அதன் வெளி விளிம்பு, காலர், தகட்டில் படியாது. தகட்டின் கனத்தைப் பெயிண்டோடு சேர்த்து அளந்து, அதற்கு ஏற்ற நட்டை எடு. டூலைத் தகட்டுக்கு நேராகப் பிடி, சாய்த்துப் பிடித்தால் மரை கோணிக்கொள்ளும். தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடு. அதிகமாகவும் இழுக்காதே. நீ நம் ஷெட்டில் சேர்ந்த புதிதில் பலத்தைக் காட்டுகிறேன் என்று தண்டை முறித்துக்கொண்டே இருந்தாய், "டூலு மட்டம்மா" என்று என் மேல் எரிந்து விழுந்தாய், நினைவிருக்கிறதா? எந்த வண்டியில் கை வைப்பதற்கு முன்னும் அதே பைப் துண்டில் ஒன்று அடித்து, குறுக்கே அறுத்து உள்ளே எப்படிப் புடைத்திருக்கிறது என்று கண்ணால் பார். வெளியிலிருந்து எல்லா நட்டும் ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. மாமா டூலின் தண்டைக் கழற்றிப் பார்த்தாயா? சந்தனம் வைக்கும்போது அவர் தண்டிலும் தடவியிருக்கிறார், நான் அன்றே கவனித்தேன். காய்ந்த சந்தனம் மரைக்குள் கல் மாதிரி ஆகிவிடும். கைக்கு அதுவும் ஒரு இறுக்கமாகத் தெரியும். நம் ஷெட்டில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மறுநாள் முதல் வேலை, மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் வைத்து எல்லாத் தண்டையும் தேய்ப்பதுதான். உன் அப்பா, "சாமிக்கு வெச்சதையா தேய்க்கற" என்று ஆரம்பத்தில் முனகுவார். "சாமி கைப்பிடியில இருந்தாப் போதுங்க, மரைக்குள்ள வேண்டாமுங்க" என்று சொல்லித் தேய்த்துவிடுவேன்.

என் மணிக்கட்டு போய்விட்டது, சாமி. டாக்டர் கையை மடக்கி நீட்டச் சொன்னார், பட்டை போடச் சொன்னார், இந்த வேலையை விடச் சொன்னார். பட்டை போட்டேன். காலையில் தோசைக் கரண்டியைப் பிடிக்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. நீயும் சின்ன டூலில் பெரிய நட்டை அமுக்கிக்கொண்டிருந்தால் உன் கையும் இந்த வயதில் இப்படித்தான் ஆகும். நாங்கள் நீளக் கை டூல் வாங்கத் தாமதித்ததற்கு அதன் விலை மட்டும் காரணம் இல்லை. இருக்கிற டூலில் முடிகிறதே, கை கொஞ்சம் வலிக்கிறது, அவ்வளவுதானே என்று இருந்துவிட்டோம். கை வலிக்கிறது என்றால் டூல் தப்பு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதை நான் உனக்குச் சொல்கிறேன்.

ஞாயிறு இரவு பஸ்ஸில் வரும்போதே உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினார். "அவன் தொழில அவன் பாத்துக்குவான். இப்பத்தான் உங்கண்ணன் ஊடு ஏறி வந்திருக்கறான். நீ வாய வெக்காத புள்ள" என்றார். "கொழந்தைங்க ஏறுற வண்டிங்க" என்றேன். "போல்ட்ட இன்னொரு சுத்து முறுக்கச் சொல்லு, நின்னுக்கும்" என்றார். நிற்காது என்று அவருக்கும் தெரியும். சுற்றுகிற நட்டில் எத்தனை சுற்று முறுக்கினால் என்ன? நாற்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவர் அப்படிச் சொன்னபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. என் அண்ணன் முறைத்துக்கொள்வார் என்கிற பயம் ஒரு மனிதனைத் தெரிந்தே இப்படி ஒரு பொய்யைச் சொல்ல வைக்கும் என்றால், ஞாயிற்றுக்கிழமை என்னைச் சிரிக்க வைத்ததும் அதுதானே.

அதனால் இன்று காலை இரண்டு போன் செய்தேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். கோபித்துக்கொள், ஆனால் தெரிந்துகொண்டு கோபித்துக்கொள்.

முதல் போன் சண்முகம் அண்ணனுக்கு. "வண்டி வெள்ளிக்கெழம ஆகாதுங்க. கதவோரக் கம்பி எனக்குத் திருப்தியா இல்லீங்க, கழட்டி மறுபடியும் வெக்கோணுமுங்க" என்றேன்.

"ஏனுங்கக்கா, ஞாயித்துக்கெழம நீங்களே ஏறிப் பாத்துச் சிரிச்சீங்க. நாங் கோயிலுக்கு மாலைக்குச் சொல்லிட்டு வந்துட்டேன். ஆத்தாளும் மகனும் முன்னாலயே பேசிக்கக் கூடாதுங்களா?"

"பேசியிருக்கோணுமுங்க. பேசலீங்க. தப்பு என்னுதுங்க" என்றேன்.

அப்புறம், "பையன் ரெடின்னான், அதுதான் நானும் நம்புனேன். சரி, அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க" என்றார். குரலில் முன்பிருந்த சிரிப்பு இல்லை. உன் முதல் வாடிக்கையாளரிடம் உன் பெயரை நான் கொஞ்சம் குறைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்தே செய்தேன். அது மறுபடியும் ஏறும், நீ ஏற்றிவிடுவாய்.

இரண்டாவது போன் உன் மாமாவுக்கு. சாப்பிட்டாச்சுங்களா, அண்ணிக்கு எப்படி இருக்குதுங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவரே, "என்ன அம்மிணி, என்னமோ சொல்ல வந்த மாதிரி இருக்குது" என்றார்.

"அண்ணா, அந்த டூலு சின்ன நட்டுக்குத்தானுங்க. வேன் கம்பிக்குப் பலம் பத்தாதுங்க. கம்பியக் கழட்டி வேற டூல்ல அடிக்கச் சொல்லோணுமுங்க."

"அப்ப நாங் குடுத்தது ஆகாதுங்கற."

"ஆகாதுன்னு சொல்லலீங்ணா. அதுக்குண்டான வேல வேற இருக்குதுங்க. தெனமும் அத எடுக்காம அவன் வேல நடக்காதுங்க."

"கல்யாணத்துக்கு வரலைங்கறத மனசுல வெச்சுட்டுத்தான பேசற."

"இல்லீங்ணா. அந்தக் கம்பியப் புடிச்சுட்டு ஏறப்போறது கொழந்தைங்க. ஒண்ணு கீழ உழுந்தா, யாரு குடுத்த டூலுன்னு ஊரு கேக்காதுங்க. ஆனா நீங்க கேப்பீங்க. உங்க மனசு கேக்கும்."

"நாலு பேருத்துக்கு முன்னால தட்டுல வெச்சுக் குடுத்தேன் அம்மிணி" என்றார். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். அப்புறம் நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அண்ணியும் எடுக்கவில்லை. அவர் இனி வருவாரா என்று எனக்குத் தெரியாது. வராமல் போனால் மறுபடியும் ஒவ்வொருவரும் என்னைத்தான் கேட்பார்கள். கேட்கட்டும். பதில் சொல்லிப் பழகியவள்தான். இந்தத் தடவை உடம்புக்கு முடியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நீ மட்டும் அவருக்குப் போன் செய்து, 'அம்மா சொன்னது சரிதானுங்க மாமா' என்று சொல்லாதே. 'டூலை வைத்திருக்கிறேன் மாமா, இன்றைக்கு அதில் இந்த வேலை செய்தேன்' என்று மட்டும் சொல். தினமும் சொல். அவர் எடுக்காவிட்டாலும் செய்து பார்.

இனி வேன். சுற்றுகிற நட்டை அந்த ஓட்டையிலேயே சரிசெய்யலாம் என்று நினைக்காதே. அதைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். துளைத்தால் ஓட்டை பெரிதாகும், அதில் மறுபடியும் அதே நட் நிற்காது. பழைய ஓட்டைகளை வெல்டு வைத்து மூடி அரைத்துவிட்டு, கம்பியின் பாதத்தைக் கொஞ்சம் மேலே தள்ளிப் தூணில் துளைக்காத இடத்தில் புது ஓட்டை போடலாம். பெயிண்ட் மறுபடியும் அடிக்க வேண்டும், வேறு வழியில்லை. துளைக்கும்போது நட்டின் வால் தூணுக்குள் விழுந்து, வண்டி ஓடும்போதெல்லாம் கிலுகிலுக்கும். அதனால் தூணின் அடி மூடியைக் கழற்றி அதை எடுத்துவிட வேண்டும்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் கிளம்புகிறேன். உன் அப்பாவிடம் கிளம்பும்போது சொல்லிக்கொள்கிறேன். நம் நீளக் கை டூலைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வருகிறேன், நீ புதிது வாங்குகிற வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும். திருச்செங்கோட்டில் பஸ் மாறி வந்து சேர நேரம் ஆகலாம். எனக்காகக் காத்திருக்காமல் வெல்டிங் மெஷினை வெளியே எடுத்து வை. ஆனால் நட்டைத் தனியாகத் துளைக்க ஆரம்பிக்காதே. சுற்றுகிற நட் பிட்டோடு சேர்ந்து சுற்றும், எவ்வளவு அழுத்தினாலும் அறுபடாது. காலரை ஒருத்தர் குறட்டால் கவ்விப் பிடித்துக்கொண்டால்தான் இன்னொருத்தர் துளைக்க முடியும். இழுக்கிற வேலை என் கையால் இனி ஆகாது. பிடிக்கிற வேலை ஆகும். நான் பிடிக்கிறேன், நீ துளை.